அங்க அடையாளங்கள் இரண்டு

செவக்காட்டுவிளையில் மச்சங்கள் ஓர் உடம்பைவிட்டு இன்னோர் உடம்புக்குக் குடிபோன அந்தக் கோடை விடுமுறையைப் பற்றி இன்றைக்கு யாரிடம் கேட்டாலும், ஆமா, அந்த வருசம் முருங்கைகூட நல்லாக் காய்ச்சுது என்று சேர்த்துத்தான் சொல்வார்கள், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே அளவு ஆச்சரியந்தான். அதிலும் முருங்கைக்கு ஒரு பிடி கூடத்தான்.

அந்த ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் பாக்கியசீலி டீச்சர்தான் தலைமையாசிரியை, அவரேதான் உதவி ஆசிரியை, மணி அடிப்பவரும் அவரே, வௌவால் புழுக்கை கூட்டுபவரும் அவரே. மே மாதக் கடைசி வாரத்தில் பள்ளிக்கூடத்தைத் திறந்து, மூக்கைச் சேலை முந்தானையால் கட்டிக்கொண்டு, இரண்டு வகுப்பறையையும் கூட்டிக் கழுவி, கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசி, சுவரில் போன வருடம் வரைந்த யானைக்குப் போன தும்பிக்கையைத் திரும்ப வரைந்து கொடுத்துவிட்டு, உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போய்விட, மிச்சம் நின்றது ஆறு பெயர். அந்த நேரம் பார்த்துத்தானா கல்வி அதிகாரி போன் பண்ண வேண்டும்? "திறக்கிற அன்னைக்கு ஒன்பதரைக்கு நானே வந்து தலையை எண்ணுவேன் டீச்சர். பத்துக்கு ஒண்ணு குறைஞ்சாலும் பூட்டுதான். இருக்கிற பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஸ்கூல்ல சேத்துருவோம்" என்றார்.

ரோடு என்றால் சும்மா ரோடு இல்லை, நாலுவழிச் சாலை. கண்டெய்னர் லாரிகள் கண்ணை மூடிக்கொண்டு வருகிற சாலை. அதைத் தாண்டி எந்தத் தாயும் ஆறு வயதுப் பிள்ளையை அனுப்ப மாட்டாள். வீட்டில் பீடிக்கு நூல் கட்ட உட்கார வைப்பாள். ஒரு பிள்ளை அப்படி உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்காது என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்தவர் டீச்சர். நாலே நாலு பிள்ளை, கர்த்தரே, நாலு பிள்ளைதான கேக்கேன் என்று புலம்பிக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

வீடு வீடாகப் போனார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. மோர் கொடுத்தார்கள், நுங்கு கொடுத்தார்கள், பிள்ளையைத்தான் கொடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் வேன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்களாம். அதன் தாளாளர் சேர்மக்கனி அண்ணாச்சிக்கு மூக்கின் இடப்பக்கம் மிளகு அளவில் ஒரு மச்சம் உண்டு. எட்டு வயதில் மெட்ராஸுக்கு மளிகைக் கடை வேலைக்குப் போனவர், அந்த மச்சத்தாலேயே நாலு கடைக்கு முதலாளியாகி, ஊருக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடமும் கட்டினார் என்பது ஊருக்கே பாடம். "மச்சக்காரர் பள்ளிக்கூடத்த விட்டுட்டு உங்ககிட்ட எப்பிடி டீச்சர் விட? கோவிச்சுக்கிடாதிய" என்று தங்கபுஷ்பம் வாசலில் நின்றே சொன்னாள். இசக்கித்தாய் என்பவளோ டீச்சரைப் பார்த்ததும் கதவையே சாத்திவிட்டாள்.

கடைசியில் கிடைத்தது ஒன்றே ஒன்று. பீடி சுற்றும் முப்புடாதி தன் மகள் ரட்சனாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இவள வச்சுக்கிட்டு ஒரு கட்டுகூடச் சுத்த முடியல. எழுதிக்கிடுங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் எழுதி வந்து, அங்க அடையாளங்கள் இரண்டு என்ற கட்டத்தில் பேனா நின்றது. இந்தக் கட்டத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். செவக்காட்டுவிளையில் எந்த வாத்தியாரும் எந்தக் காலத்திலும் எந்தப் பிள்ளையின் சட்டையையும் விலக்கி மச்சம் பார்த்ததில்லை. திமிறுகிற பிள்ளையை யார் பிடித்து நிறுத்துவது? வாயில் வந்த இடத்தை எழுதிவிடுவார்கள். அதனாலேயே அந்த ஊரில் போலீஸ் தேர்வுக்குப் போனவன் ஒருவன், சர்டிபிகேட்டில் உள்ள மச்சம் உடம்பில் இல்லாமல், தங்கச்சியின் கண்மையால் வைத்துக்கொண்டு போய், ஓட்டப் பந்தயத்தில் வேர்த்து மச்சம் முழங்கைக்கு வழிந்து, தேர்வாகாமல் திரும்பினான். டீச்சரும் வழக்கப்படியே ரட்சனாவை நிமிர்ந்துகூடப் பாராமல், வலது உள்ளங்கையில் ஒரு மச்சம், இடது பாதத்தில் ஒரு மச்சம் என்று எழுதி, ஊதிக் காயவைத்து மூடினார்.

மறுநாள் காலையில் முப்புடாதி வந்தாள். "டீச்சர், நீங்க எழுதின ரெண்டும் வந்துட்டு" என்று மகளின் கையையும் காலையும் காட்டினாள். கடலை அளவில் கருகருவென்று இரண்டு மச்சம். டீச்சர் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. "சரி, இப்ப அதுக்கென்ன?" என்றார், வேறென்ன சொல்ல. "ஒண்ணுமில்ல, அந்தக் கால் மச்சத்த மட்டும் வலது காலுக்கு மாத்தி எழுத முடியுமா? வலதுகால்ல இருந்தாத்தான் வெளிநாடாம்" என்றாள் முப்புடாதி.

ஏன் இந்த வருடம், ஏன் இந்தப் பேனா, ஏன் இந்த டீச்சர் என்று ஊரில் ஓர் ஆத்மாகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எந்த இடம் நல்ல இடம் என்றுதான். முடிதிருத்தும் கடையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிய மச்ச பலன் படம் அன்று சாயங்காலத்துக்குள் ஜெராக்ஸ் ஆகி வீட்டுக்கு ஒன்றாய்ப் போனது. தொண்டையில் இருந்தால் பாட்டு, தோளில் இருந்தால் அதிகாரம், புருவத்தில் இருந்தால் நல்ல மாப்பிள்ளை, முதுகில் இருந்தால் பொறுமை (முதுகை யாரும் கேட்கவில்லை). மோர் கொடுத்து அனுப்பியவர்கள் எல்லாரும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். "எம் மவனுக்கு ரெண்டு தோள்லயும் எழுதுங்க டீச்சர், கலெக்டர் ஆவணும்." "எக்கா, வரிசையில வாங்க, நாங்க காலையில இருந்து நிக்கோம்லா." "நாக்குல எழுதலாமா டீச்சர்?" "ஏட்டி, நாக்குல மச்சம் இருந்தா சொன்னது பலிக்கும். உம் மவ வாய்க்கு ஊரு தாங்குமா?"

டீச்சருக்குக் கொண்டாட்டந்தான், பொய் சொல்வானேன். தாய்மார் கேட்ட இடத்தில் ஒரு மச்சத்தை எழுதிவிட்டு, இரண்டாவதைத் தன் இஷ்டத்துக்கு எழுதினார்: காது மடலில், சுண்டுவிரல் நுனியில், தொப்புளுக்கு ஒரு விரல் மேலே. கதவைச் சாத்திய இசக்கித்தாய் அசட்டுச் சிரிப்போடு மகனைக் கொண்டுவந்தபோது, அவள் கேட்ட புருவத்தில் ஒன்றும், பெஞ்சு தேய்க்கும் இடத்தில் ஒன்றும் எழுதினார். ஐந்து நாளில் ஆறு ஏழாகி, ஏழு பதினொன்றாகி, பதினொன்று பத்தொன்பதாகிவிட்டது. டீச்சர் அதிகாரிக்குப் போன் பண்ணி, "நாற்காலி போட்டு வைக்கேன் சார், எண்ண நேரமாகும்லா" என்று குத்தலாய் ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்.

ஆனால் மச்சம் வானத்திலிருந்து விழுவதில்லையே. எங்கேயோ இருந்துதான் வர வேண்டும். அது ஊருக்குள்ளிருந்தே வந்தது. உள்ளங்கை மச்சம் இன்னொருவர் உள்ளங்கையிலிருந்தும், தொண்டை மச்சம் இன்னொருவர் தொண்டையிலிருந்தும், இடம் மாறாமல் ஆள் மட்டும் மாறி வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த பரமார்த்தலிங்கத்துக்கு வலது பாதத்து மச்சத்தைக் காணவில்லை. அது போன பிறகு பிளேன் ஏறலாமா என்று டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட்டு முருங்கைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார், அவர் பெண்டாட்டி யாருக்கும் தெரியாமல் டீச்சர் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி பாயசம் கொடுத்தனுப்பினாள். முப்பது வருடமாகப் புருசனுக்கு முதுகு தேய்த்துவிடும் அன்னப்பழம், ஒருநாள் வலது தோளில் மச்சத்தைக் காணாமல், "நீரு யாருய்யா?" என்று தண்ணீர்ச் செம்பை ஓங்கிவிட்டாள், அந்த மனுசன் கல்யாணத்தன்று பந்தியில் பரிமாறிய கூட்டு வகைகளை ஈரத்தோடு நின்று வரிசையாய் ஒப்பித்த பிறகுதான் துண்டு கிடைத்தது.

சொந்தப் பிள்ளைக்குப் போயிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கல்லவா போகிறது. குழாயடியில், "எங் கழுத்து மச்சம் உம் பிள்ள கழுத்துல கெடக்கு, மரியாதையா எறக்கி வையி" என்று ஒருத்தி கையை நீட்ட, "பேரா எழுதி ஒட்டிருக்கு?" என்று மற்றவள் பாய, ஊரே இரண்டுபட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை மச்சம் இடம்பெயர்ந்த அமளியிலும் சேர்மக்கனி அண்ணாச்சியின் மூக்கு மச்சம் மட்டும் அசையவே இல்லை. மூக்கின் இடப்பக்கத்து மச்சத்தை யாரும் எழுதச் சொல்லவில்லை, அவருக்குப் பயந்துதான். ஆனால் ஊருக்கு அந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? "பாத்தியா, மச்சம்னா அது மச்சம். எவன் எழுதினாலும் நவளாது" என்று பேச்சு கிளம்பியது. அண்ணாச்சியும் சும்மா இல்லை. வேனில் ஒலிபெருக்கி கட்டி, நிலையான மச்சம், நிலையான கல்வி என்று தெருத்தெருவாகச் சொல்லவிட்டார்.

அவ்வளவுதான். வரிசையில் வந்தவர்கள் வரிசையிலேயே போனார்கள். டீச்சர் ஒரு பெயரை அடித்தால் அந்தப் பிள்ளையின் மச்சங்கள் அன்றைக்கே பழைய ஆளிடம் போய்ச் சேர்ந்தன, ஊர்ச் சண்டையும் ஒவ்வொன்றாய்த் தீர்ந்தது, பள்ளிக்கூடம்தான் காலியாகிக்கொண்டு வந்தது. பத்தொன்பது பதினைந்தாகி, பன்னிரண்டாகி, திறப்பதற்கு முந்தின நாள் பழைய ஆறும், ரட்சனாவும், வேறு இரண்டும் சேர்த்து ஒன்பதில் வந்து நின்றது. ஒன்பது! டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊமத்தைச் சாறு பூசிய பலகையும் தும்பிக்கை வாங்கிய யானையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் தங்கபுஷ்பம் மெல்ல வந்து, அக்கம்பக்கம் பார்த்து, "டீச்சர், எல்லாரும் பயந்துட்டாவ, எனக்குப் பயமில்ல. அண்ணாச்சி மூக்கு மச்சத்த எம் மவன் கிஷோருக்கு எழுதிருங்க. காலையில அது வந்துட்டா இவன் இங்க, வராட்டா வேன்ல. என்ன சொல்லுதிய?" என்றாள்.

டீச்சர் ஒரு நிமிடங்கூட யோசிக்கவில்லை. மூக்கின் இடப்பக்கம் ஒரு மச்சம் என்று குண்டு குண்டாக எழுதினார்.

விடிந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நாள். மஞ்சள் வேன் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, வேண்டுமென்றேதான், வந்து நின்றது. அதில் ஊர்ப் பிள்ளைகள் முக்கால்வாசி ஏறியிருக்க, தாய்மார்கள் கீழே நின்று சன்னல் வழியே கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய்ச் சேர்மக்கனி அண்ணாச்சி. மூக்கில் அந்த மச்சம், மிளகாட்டம், அசையாமல். தங்கபுஷ்பம் மகனை இழுத்துக்கொண்டு வந்து, "பாருங்க டீச்சர். ஒண்ணுமில்ல. தொடச்சு வச்ச மாரி இருக்கு" என்று மூக்கைத் திருப்பிக் காட்டிவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள். மணி ஒன்பது ஐந்து.

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எழுதியது வரவில்லை. இத்தனை நாளில் எழுதி வராத மச்சம் இது ஒன்றுதான். இருக்கிற இடத்திலிருந்துதான் வரும். வரவில்லை என்றால்... டீச்சருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அட பாவி மனுசா! சின்ன வயதில் அவரும் இங்கேதானே படித்திருப்பார் என்று எழுந்து ஓடிப்போய்ப் பீரோவின் அடியில் கிடந்த பழைய சேர்க்கைப் பதிவேடுகளை இழுத்துப்போட்டுப் புரட்டினார். செல்லரித்த ஒரு பக்கத்தில், யாரோ ஒரு பழைய தலைமையாசிரியர் கையெழுத்தில் இருந்தது: சேர்மக்கனி, அங்க அடையாளம், மூக்கின் இடப்பக்கம் ஒரு மச்சம். நிமிர்ந்து பாராமல் எழுதிய எழுத்து எப்படி இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாதா? அந்த வரி அப்படியே அதுதான். அதோடு நிற்காமல் விரலை வைத்து அந்த வரிசையின் கடைசிக் கட்டம் வரை போனார். டி.சி. பெற்ற நாள் என்ற கட்டம் வெறுமையாய் இருந்தது. டீச்சர் பதிவேட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு செம்பு தண்ணீரோடு வேனுக்குப் போனார். "அண்ணாச்சி, வெயில்ல நிக்கிய. முகத்தக் கழுவிக்கிடுங்க" என்று செம்பை நீட்டினார்.

அண்ணாச்சி ஓரடி பின்னால் போனார். "வேண்டாம்மா."

"மூக்குல வேர்க்கு, அண்ணாச்சி. நான் வேணா தொடச்சு விடட்டா?"

அண்ணாச்சி டீச்சரைப் பார்த்தார், கக்கத்துப் பதிவேட்டைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது முகம் சுண்டிப்போனது. வேன் மறைவுக்கு நகர்ந்து, "எம்மா, ஒங்க காலப் பிடிக்கேன், சத்தமாப் பேசாதிய" என்றார். "மூணாங்கிளாஸ் படிக்கச்சுல அய்யா என்னைய மெட்ராஸுக்கு அனுப்பிட்டாரு. அங்க முதலாளி அஞ்சு பயலுவள நிறுத்தி, மூக்குல மச்சம் உள்ளவன் எவம்லே, அவன்தான் கல்லாப்பக்கம், மத்தவனெல்லாம் மூட்ட தூக்குன்னாரு. எனக்கு இருக்கு, பள்ளிக்கூடத்துல எழுதிருக்காவன்னு சொல்லிட்டேன். மூட்டைக்கு நம்பர் போடுத மையத் தொட்டு வச்சவன், அம்பது வருசமாத் தெனமும் காலையில வைக்கேன். எம் பொண்டாட்டிக்கே தெரியாது. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

டீச்சருக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் மூட்டைகளுக்கு நடுவில் மை தொட்டு நிற்பது கண்ணில் வந்து போனது. இளகியதை வெளியில் காட்டினால் பிள்ளை கிடைக்குமா? "எனக்கு ஒரு தலை கொறையுது அண்ணாச்சி" என்றார்.

"வேன்ல இருந்து ரெண்ட எறக்கிக்கிடுங்க!"

"அது தாய்மார் பிள்ளையள்லா. நான் எப்பிடி எறக்க? நீங்க டி.சி. வாங்கல. வாங்காதவரைக்கும் நீங்க எம் பள்ளிக்கூடத்துப் பிள்ளதான். மூணாம் வகுப்பு. வாங்க, மணியடிக்க நேரமாச்சு."

"எம்மா, எனக்கு அம்பத்தெட்டு."

"அஞ்சு வயசு நெறஞ்சிருக்கணும்னுதான் எழுதிருக்கு. எவ்வளவு நெறயலாம்னு எழுதல."

ஒன்பதரைக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். போட்டு வைத்த நாற்காலியில் உட்காராமல், நின்றுகொண்டே விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது தலை விறுவிறுவென்று ஓடி, மூன்றாம் வகுப்பு வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த, பாதி நரைத்த பத்தாவது தலையில் விரல் நின்றது. "இவரு?"

"மூணாம் வகுப்பு, சார். கொஞ்ச நாளா லீவுல இருந்தாரு" என்று டீச்சர் பதிவேட்டை விரித்துக் காட்டினார்.

அதிகாரி பெயரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், வெறுமையாய்க் கிடந்த கட்டத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். இருபத்தெட்டு வருட சர்வீஸில் அவர் எதற்கும் அசந்ததில்லை. "லீவ் லெட்டர் குடுத்தாரா?" என்றார்.

"இனிமே வாங்கிருதேன் சார்."

"வாங்கி ஃபைல்ல வைங்க. யூனிபார்முக்கு அளவு எடுத்து அனுப்புங்க. இந்த சைஸ் வர லேட்டாகும்" என்று சொல்லி, பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டு ஜீப்பிலேயே இருந்துவிட்டது.

வெளியே தாய்மார்கள் வேனை விட்டுவிட்டுச் சன்னல் கம்பிகளில் முகத்தைப் பதித்து நின்றார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ரட்சனா அவருக்குப் பாதிப் பென்சிலைக் கடித்து உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டு வந்தவருக்குப் பத்தாவது பெயரில் நாக்குத் தடுக்கியது. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனுசன். மெட்ராஸில் முதலாளி, இங்கே தாளாளர். அந்தப் பெயரை வெறும் பெயராய் வாய்விட்டுக் கூப்பிட ஒருவரும் மிச்சமில்லாத வயது. இருந்தாலும் பிள்ளை என்றால் பிள்ளைதானே.

"சேர்மக்கனி" என்று கூப்பிட்டார்.

அவர் துள்ளி எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டு, கையைக் கட்டி, முதுகை நிமிர்த்தி, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிய தண்ணீர் மூக்கோரம் இறங்கி மச்சத்தைக் கரைத்து மீசைக்கு இழுத்துக்கொண்டு போவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், "உள்ளேன் டீச்சர்!" என்றார். தெருக்கோடி வரை கேட்டது.

சன்னலிலிருந்து கரைந்த மச்சத்தை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு தங்கபுஷ்பம்தான், "அண்ணாச்சியே இங்கதான படிக்காவ. நாம எதுக்குட்டி அங்க கொண்டு விடணும்?" என்று சொல்லிக்கொண்டே வேன் கதவைத் திறந்தாள். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள்.